முடிவு கேட்டவர்கள்

அப்பா காணாமல் போனபோது நான் கல்யாணமாகி அரியலூருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற குடும்பம். கிணற்று மோட்டார் எரிந்துபோனதால் புதிதாகச் செப்புக்கம்பிக் காயில் கட்டுவதற்காக அதை அப்பா அரியலூருக்குக் கொண்டுவந்தார். பெரம்பலூரிலேயே அதற்குக் கடைகள் உண்டு. மகளைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டும், அதனால்தான் அரியலூர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகப் போனில் சொன்னார். மோட்டாரைக் கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரரோடு டீ குடித்திருக்கிறார். பொண்ணு வூட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வரேன் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

சண்டை சச்சரவு கிடையாது. உடம்புக்கும் ஒன்றுமில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். பஸ் ஸ்டாண்டுகளிலும் ரயில்வே ஸ்டேஷன்களிலும் படம் ஒட்டினோம். பழனி, திருவண்ணாமலை என்று சாமியார்கள் உட்காரும் இடமெல்லாம் தம்பி அலைந்தான். பாடாலூர் பக்கம் ஹைவேயில் ஒருவர் அவரைப் போலவே நடந்துபோனதாக யாரோ சொன்னார்கள் என்று இரண்டு நாள் அந்த ரோட்டில் போய் நின்றோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் பகலில்கூட எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடும். தம்பி அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய லேப்டாப்பில் இருந்த ஒரு கேமை எனக்குக் காட்டிக் கொடுத்தது அவன்தான். வாள், மந்திரம், டிராகன், பனி மலைகள். அதில் ஒவ்வொரு ஊரிலும் யாராவது நம்மிடம் ஒரு வேலையை ஒப்படைப்பார்கள். தொலைந்த ஆட்டைத் தேடிக் கொடு, குகையிலிருக்கிற பூதத்தை விரட்டு என்று. அதற்கு குவெஸ்ட் என்று பெயர். ஒப்புக்கொண்டால் நம் கணக்கில் ஏறிவிடும். முடித்தால் பக்கத்தில் ஒரு அடையாளம் விழும். அந்த அடையாளம் விழுவதைப் பார்க்கிற நிம்மதிக்காகவே நான் விளையாடினேன்.

கேமை விளையாடுகிறவர்களே தங்கள் சொந்தக் கதையை குவெஸ்டாகச் செய்து இணையத்தில் இலவசமாகப் போடலாம். அதற்கென்று ஒரு மன்றமும் இருந்தது. தம்பி சொல்லிக் கொடுத்தான், மிச்சத்தை நானே கற்றுக்கொண்டேன். முதலில் இரண்டு சின்னக் கதைகள் போட்டேன். ரசித்தார்கள். பிறகு, அப்பா போய்ச் சில வருஷம் ஆன பிறகு, மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன்.

மலையடிவாரத்தில் ஒரு வீடு. வாசலில் ஒரு பெண் நிற்பாள். திரிகைக் கல்லைக் கொத்திக்கொண்டு வர மலைக்கு அந்தப்பக்கம் போன தன் புருஷன் திரும்பவில்லை, தேடிச் சொல் என்பாள். தேடிக்கொண்டு போனால் கல் கொத்துகிறவரிடம் கல் இருக்கும். படகுத்துறையில் அவருடைய துண்டு கிடக்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. கேம் முழுக்கச் சுற்றினாலும் அவர் கிடைக்கமாட்டார். 'அவரைத் தேடு' என்ற வரி மட்டும் கணக்கில் நின்றுகொண்டே இருக்கும்.

மன்றத்தில் கொதித்துவிட்டார்கள். குவெஸ்ட் பழுதாகிவிட்டது, சரிசெய்யுங்கள் என்று முதலில் எழுதினார்கள். பழுதில்லை, அவ்வளவுதான் கதை என்று பதில் போட்டதும் கோபம் கூடியது. அவரை உயிரோடு காட்டு, இல்லையென்றால் பிணத்தையாவது காட்டு, ஓநாய் தின்றுவிட்டது என்று ஒரு எலும்பையாவது போடு என்றார்கள். ஒருவர் ஆற்றின் அடியில் ஒவ்வொரு இடமாக முங்கித் தேடியதாக எழுதியிருந்தார். கெட்ட முடிவானாலும் பரவாயில்லை, அந்த வரி என் கண்முன்னால் இப்படி நிற்கக் கூடாது என்று கெஞ்சியிருந்தார் இன்னொருவர். அவருடைய கெஞ்சல் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனாலும் முடிவு எழுத எனக்கு மனம் வரவில்லை.

தம்பியும் விளையாடிப் பார்த்தான். அது யாருடைய கதை என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கேம்லயாவது முடிச்சு வெக்கக் கூடாதாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

போன வருஷம் தம்பிக்கு ஜெயங்கொண்டம் பக்கம் பெண் நிச்சயமானது. முந்திரித் தோப்பு வைத்திருக்கிற குடும்பம், நல்ல மனிதர்கள். பத்திரிகை அடிக்கிற பேச்சு வந்தபோது பெண்ணின் அப்பா மிகவும் தயங்கித்தான் கேட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்கு முன்னால் திரு என்று போடுவதா, தெய்வத்திரு என்று போடுவதா?

பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றோம். அவர்கள் கிளம்பிப்போன பிறகு பெரியப்பா அம்மாவிடம் பேசினார். ஏழு வருஷம் தாண்டிவிட்டால் சட்டமே இறந்ததாகத்தான் எடுத்துக்கொள்கிறது, கருமாதியை முடித்துவிட்டால் ஊரில் யாருக்கும் பேச்சில்லை, அவனுக்கும் போகிற வழிக்கு நல்லது என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காணாமல் போனது அவருடைய கூடப்பிறந்த தம்பி. அம்மா குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு உள்ளே எழுந்துபோய் உலை வைத்தாள்.

அந்த வாரமே போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வந்தது. அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் பேர் தெரியாத ஒரு பெரியவரைச் சேர்த்திருக்கிறார்கள், பேச்சில்லை, அடையாளம் ஓரளவு பொருந்துகிறது, வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டு பெரம்பலூரிலிருந்து பைக்கில் வந்துசேர்ந்தான்.

கடைசிக் கட்டிலில் படுத்திருந்தார். முகமெல்லாம் தாடி. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. நெற்றியும் மூக்கும் அப்பாவுடையதாகவும் இருந்தன, இல்லாமலும் இருந்தன. அத்தனை வருஷத்தில் அப்பாவின் முகம் எனக்குள் படத்தில் இருக்கிற முகமாக மாறிப்போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. தம்பி போர்வையை விலக்கிக் கால்களைப் பார்த்தான். அப்பாவுக்கு இடது கணுக்காலில் மோட்டார் பெல்ட் அறுத்த தழும்பு ஆழமாக இருக்கும். இந்தக் காலில் இல்லை. வலது காலையும் பார்த்தான். திரும்ப இடது காலைப் பார்த்தான். நர்ஸம்மா நின்று பார்த்துவிட்டு, இல்லீங்களா என்று கேட்டார். இல்லை என்று நான்தான் சொன்னேன்.

தம்பி வெளியே வந்து வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்றான்.

"அவராவே இருந்திருக்கலாம்க்கா."

"இந்த நெலமையிலயா?"

"எந்த நெலமையிலயோ. இருந்திருந்தா இன்னிக்கோட முடிஞ்சிருக்கும்ல."

அவன் அழவில்லை. நானும் அதட்டவில்லை. ஏனென்றால் அந்தக் கட்டிலை நோக்கி நடந்தபோது நானும் அதையேதான் வேண்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்குப் போய் குவெஸ்டுக்கு முடிவு எழுதினேன். படகுத்துறைக்குக் கீழே பாறை இடுக்கில் அந்தப் பெண்ணின் புருஷனுடைய உடல். விரலில் மோதிரம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பெண் அழுவாள், ஆசீர்வதிப்பாள், வீட்டைப் பூட்டிக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். கணக்கில் அடையாளம் விழும். முடிவோடு கூடிய குவெஸ்டை மன்றத்தில் போட்டேன். நன்றி நன்றி என்று வந்து குவிந்தது. இத்தனை நாள் மனதை அறுத்துக்கொண்டிருந்தது தீர்ந்தது என்று எழுதினார்கள். தம்பி அதை விளையாடிவிட்டு வாட்ஸ்அப்பில் 'முடிச்சிட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினான். எனக்கோ, அப்பாவை நானே கொண்டுபோய்ப் பாறை இடுக்கில் கிடத்தியது போல இருந்தது.

வந்தவற்றில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. எந்த நாட்டுக்காரர், ஆணா பெண்ணா என்றெல்லாம் தெரியாது. தான் பழைய குவெஸ்டையே வைத்துக்கொள்ளப் போவதாக அவர் எழுதியிருந்தார். அந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு மீனோ மூலிகையோ கொண்டுபோய்க் கொடுப்பாராம். அவள் ஒவ்வொரு தடவையும் 'அவரைப் பார்த்தாயா' என்ற ஒரே வரியைத்தான் சொல்கிறாளாம். 'புருஷன் கிடைக்காவிட்டால் போகட்டும். அவளை வேறு ஏதாவது பேசவிடுங்கள். நான் எப்படி இருக்கிறேன் என்றாவது ஒருமுறை கேட்கட்டும்' என்று முடித்திருந்தார்.

அவளைப் பேசவைக்கலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு ஒரு வரியும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கொல்லையில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கூடவே உட்கார்ந்து தாளை அரிந்துகொண்டே கேமைப் பற்றிச் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை. மலை, வீடு, வாசலில் நிற்கிற பெண், எல்லாம் சொன்னேன். முடிவு எழுதியதை மட்டும் சொல்லவில்லை. அம்மா கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"அவ எந்நேரமும் வாசல்லயேவா நிக்கிறா?"

"ஆமாம்மா."

"ஆடு மாடு கெடையாதா? கொல்லைக்குப் போக வேணாமா? காலு வலிக்காதா அவளுக்கு?"

அம்மா ஒரு கத்தையைக் கட்டி ஓரமாக வைத்தாள்.

"வந்தா வரட்டும், அதுக்குக் கதவு தொறந்துதான் கெடக்கு. அதுக்காவ நான் வாசலயே பாத்துக்கிட்டா ஒக்காந்திருக்கேன்? நீங்க ரெண்டு பேருந்தான் என்னயப் பாக்கறப்பல்லாம் அப்புடிப் பாக்கறீங்க."

அதன் பிறகு இந்த வருஷம் மழை ஏமாற்றியது, பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டது, வரப்போகிற மருமகளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காதாம் என்று பேசிக்கொண்டே போனாள். பேச்சின் நடுவில் அப்பாவும் வந்தார், வெங்காயத்துக்கு மருந்தடிக்கத் தெரியாத மனுஷன் என்று. நான் அரியலூர் திரும்பியதும் அதையெல்லாம் அந்தப் பெண்ணின் வாயில் போட்டேன். வெங்காயத்துக்குப் பதில் முட்டைக்கோஸ், அவ்வளவுதான் வித்தியாசம். ஆட்டுக்குப் புல் அறுக்க அவளை மலைச்சரிவுக்கு அனுப்பினேன். இந்தப் புதிய வடிவில் புருஷன் கிடைக்கமாட்டார், கணக்கில் வரியும் தீராது. முடிவுள்ளதையும் எடுத்துவிடாமல் விட்டுவைத்தேன். பெரும்பாலானவர்கள் இன்றும் முடிவுள்ளதைத்தான் எடுத்துப்போகிறார்கள்.

பத்திரிகை விஷயத்தை அம்மாவே தீர்த்தாள். பெரியப்பா மறுபடி வந்து கேட்டபோது எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "செத்தாருன்னு எனக்குத் தெரிஞ்சா நானே முன்ன நின்னு செய்யச் சொல்லுவேன் மாமா. தெரியாதத தெரிஞ்சாப்புல அச்சடிக்கச் சொல்லாதீங்க."

திரு என்றே அச்சாகி வந்தது. பெரம்பலூரில் மண்டபம். பெரியப்பா வந்தார், முன் வரிசையில் உட்கார்ந்தார், பந்திக்கு மட்டும் வரவில்லை. தாலி கட்டி முடித்து பெற்றவர்கள் காலில் விழுகிற நேரத்தில் அம்மா தனியாக நின்றாள். பக்கத்தில் யார் நிற்பது என்று ஒரு நொடி எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதற்குள் தம்பி குனிந்துவிட்டான்.

அவன் அந்தக் கேமை இப்போது தொடுவதில்லை. இந்த ஆடி அமாவாசையன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன் செய்தான். திருமானூர் கொள்ளிடக் கரையில் நிற்பதாகச் சொன்னான். பின்னால் ஐயர் மந்திரம் சொல்கிற சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டானாம்.

"அம்மாகிட்ட சொல்லிடாதக்கா. அவங்களுக்கு வேணாம்னா வேணாம். எனக்கு முடிச்சாவணும் போல இருந்துச்சு."

சரி என்றேன். அவனை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அவன் மேல் ஆத்திரமாகவும் இருந்தது.

பத்து மணி வாக்கில் அம்மா கூப்பிட்டாள். தம்பி காலையில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு கிளம்பிப் போனான், எங்கே என்று உன்னிடம் ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். அன்று என்ன நாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியவில்லை என்று சொன்னேன். அம்மா, வந்தால் சாப்பிடட்டும் என்று இட்லி ஊற்றி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.