திரைக்கு இந்தப் பக்கம்

“லயத்துப் புள்ள டாக்டரா வந்தா லயத்துச் சனமே அதுக்கிட்டப் போகாது, பாருங்க.”

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில், தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் என் காதில் விழும்படியே இன்னொருவரிடம் சொன்னது இது. நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவள்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறாள். எனக்கு முன் இங்கே இருந்த டாக்டர்களுக்கு இந்தச் சனத்தின் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்தேன்.

திகனயைத் தாண்டி மலையேறும் பஸ் கடைசியாக நின்று திரும்பும் இடத்தில் ஆஸ்பத்திரி. அதன் பின்னால் என் குவார்ட்டர்ஸ். பின்னேரம் மூடுபனி இறங்கினால் எதிரே இருக்கும் லயங்கள் மறைந்துவிடும், சத்தம் மட்டும் வரும். சிரிப்பு, டீவி, யாரோ பிள்ளையைத் திட்டுவது. அந்தத் திட்டெல்லாம் நான் வாங்கி வளர்ந்த திட்டுகள். ஆனாலும் அங்கே போய் உட்கார முடியாது. ஒருமுறை போனேன். பேச்சு நின்றது. கதிரையைத் துடைத்துப் போட்டார்கள், சோடா வாங்க ஆள் ஓடியது. எல்லோரும் நின்றுகொண்டிருக்க நான் மட்டும் உட்கார்ந்து அதைக் குடித்துவிட்டு வந்தேன். நர்ஸ்மார் வேலை முடிந்ததும் கடைசி பஸ்ஸில் இறங்கிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு யாரோடும் பேச்சில்லை. சமைத்ததை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவேன்.

அதனாலோ என்னவோ, கிளினிக்கில் யாராவது “டாக்டரம்மாவுக்கு எந்தத் தோட்டம்?” என்று கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தோட்டத்தைச் சொன்னால் அங்கே யார் யாரைக் கட்டியிருக்கிறார்கள் என்று தேடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஓர் உறவுமுறை வந்துவிடும். பெரியம்மா, மாமா, அண்ணி. நான் பெருமையோடு எல்லோரையும் முறை வைத்தே கூப்பிட்டேன்.

அப்படிக் கிடைத்தவர்தான் அத்தை. கொழுந்து பறிப்பவர், அம்மாவின் வயது. அவருடைய புருஷன் அம்மாவுக்குத் தம்பி முறை.

“ஒங்கம்மா கல்யாணத்துக்குச் சோறாக்கினதே நான்தான் புள்ள!” என்று கிளினிக்கே கேட்கச் சொன்னார்.

இருமல் என்று வந்தார். பிறகு தலைவலி என்று வந்தார். ஒவ்வொரு முறையும் மருந்தைக் கையில் வாங்கிய பிறகு ஒரு கேள்வி.

“பெரிய டாக்டர் எப்ப வருவாரு?”

“நான்தான் அத்தை பெரிய டாக்டர்.”

“அதில்ல புள்ள. முந்தி இருந்தாரே, அந்தச் சிங்கள ஐயா.”

அன்றெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது. கிளாக்கர் சொன்னது ஞாபகம் வரும்.

அடுத்த முறை அவர் மருந்துக்குக் கை நீட்டியபோது கவனித்தேன். அக்குளில் ஏதோ இடிப்பதுபோல இடது கையை உடம்போடு சேர்க்காமல் தள்ளிப் பிடித்திருந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“அத்தை, மாருல கட்டி ஏதும் இருக்கா?”

சுவரைப் பார்த்தார். “இருக்கு. தீவாளிக்கு முந்தியே.”

“நான் பார்க்கிறேன்.”

“ஐயையோ, நீயா?” சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “அந்த ஐயா யாரோ எவரோ. பாப்பாரு, மாத்தலாகிப் போயிருவாரு. நீ நாளைக்கு எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வருவ. மாமாவுக்குப் பக்கத்துல ஒக்காந்து சாப்பிடுவ. நான் எந்த மொகத்தோட ஒனக்குச் சோறு போடுறது?”

நான் படித்ததெல்லாம் என் விரல்களில் இருந்தது. இந்தக் கட்டியைத் தள்ளிப்போட முடியாது என்றும் தெரிந்தது. ஆனால் அவரைத் தொட முடியவில்லை. முறை வைத்துக் கூப்பிட்ட பெரியம்மாக்களும் அண்ணிகளும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் யார் எதை மூடிக்கொண்டு இருமல் மருந்தோடு திரும்பிப் போனார்களோ?

“கண்டி பெரியாஸ்பத்திரியில ஒரு பொம்பளை டாக்டர் இருக்காங்க. சிங்களம். உங்களை யாருன்னே தெரியாது.”

அத்தையின் முகம் தெளிந்தது. உடனே மறுபடி சுருங்கியது. “பாஷ தெரியாதே. அந்த ஐயாவுக்கு இங்க நர்ஸ் எடுத்துச் சொல்லுவாங்க. அங்க அவங்க ஒன்னு கேக்க, நான் ஒன்னு சொல்ல, வேற எதையாச்சும் வெட்டிப் போட்டுட்டா?”

இருவருமே சிரித்துவிட்டோம்.

“நான் வர்றேன். திரைக்கு வெளியில நின்னு சொல்றேன்.”

“திரும்பிப் பாக்க மாட்டியே?”

“மாட்டேன்.”

“ஒங்கம்மாகிட்ட?”

“சொல்ல மாட்டேன்.”

இதை எழுதட்டுமா என்று பிற்பாடு அத்தையிடம் கேட்டபோது, “பேரப் போடாம எழுது. ஒங்கம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே” என்றார்.

லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் அவரைக் கண்டிக்குக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் மற்றவர்களோடு வரிசையில் நின்றோம். உள்ளே போனதும் அந்த டாக்டர், நீங்கள் யார் என்று என்னைச் சிங்களத்தில் கேட்டார்.

“மருமகள்” என்றேன். நானும் டாக்டர் என்று சொல்லவில்லை.

அத்தை பரிசோதனைக் கட்டிலில் ஏறினார். திரையை இழுத்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். முதல் கேள்வி வந்தது. திரைக்குள் கேட்கும்படி அதைத் தமிழில் சொன்னேன்.