காப்புக் கட்டிய ஊரிலிருந்து பாம்பன் வாலிபால் முகாமுக்கு

பிள்ளையைக் காசு கட்டி விளையாட்டுத் தேர்வு முகாமுக்கு அனுப்பலாமா என்று இந்த வலைப்பதிவுக்கு வருகிறவர்களில் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கோயில், கடல், சாப்பாடு என்று எழுதுகிறவளிடம் இதைக் கேட்கக் காரணம் நானேதான். போன வருடம், அதாவது 2008 மே மாதக் கடைசியில், அக்கா மகளை அப்படி ஒரு முகாமுக்குக் கூட்டிப்போனதாக ஒரு பதிவில் பாதி வரி எழுதித் தொலைத்தேன். மீதியை எழுத மனசு வர ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். அக்காவைக் கட்டிக் கொடுத்தது கமுதியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தில். மிளகாயும் பருத்தியும் போடுகிற மானாவாரிப் பூமி. அவள் மகள் செல்வி அந்த மார்ச்சில்தான் பிளஸ் டூ எழுதியிருந்தாள். பள்ளி வாலிபால் அணியில் செட்டர். அதாவது அடிப்பவள் இல்லை, அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். கைதட்டல் முழுக்க அடிப்பவளுக்குப் போகும். இவள் பாட்டுக்கு அடுத்த பந்துக்கு நிற்பாள்.

பாம்பனில் ஒரு பள்ளி மைதானத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் முகாம். சாப்பாடு, தங்கல் சேர்த்து 2,500 ரூபாய். கல்லூரிப் பயிற்சியாளர்கள் நேரில் வந்து பார்த்து, பிடித்தவர்களை விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுப்பார்கள், படிப்பும் விடுதியும் இலவசம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், செல்வியின் அய்யா, அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார்.

"எடுத்தாகன்னா படிக்கட்டும். எடுக்கலைன்னா அத்தோட பேச்ச விட்டுறணும். நீயும் கேக்கக்கூடாது, அவளும் கேக்கக்கூடாது."

பேச்சை விடுவது என்றால் என்னவென்று எங்கள் மூவருக்கும் தெரியும். அத்தானின் தங்கை மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், முறைப்பையன். ஆவணியில் கல்யாணம். பையன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. செல்விக்குப் பதினேழு வயது என்பதுதான் குறை. நான் அன்றே பணத்தைக் கட்டிவிட்டேன்.

கட்டினேனே தவிர, ஊரில் அம்மன் பொங்கல் எப்போது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. பட்டணத்தில் இருந்தால் புத்தி மழுங்கிப்போகும் என்று அக்கா சொல்வது சரிதான். ஊர்க்கூட்டத்தில் வைகாசிப் பொங்கலுக்கு நாள் குறித்து, முகாமுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். தெற்கத்தி ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், பொங்கல் முடியும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது அடைந்து படுக்கும்போது எல்லைக்குள் இருக்க வேண்டும். விவரமானவர்கள் காப்புக்கு முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போய்விடுவார்கள். செல்வி வீட்டில் முளைப்பாரிக்கு விதை ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நான் போய் இறங்கியபோது வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. அக்காதான் வழி சொன்னாள்.

"ரெண்டு நாளும் பகல்ல போயிட்டுப் பகல்ல வாங்க. ராவுக்கு எல்லைக்குள்ள வந்துரணும். மீறித் தங்கி, மழ தண்ணி இல்லாமப் போனா ஊர்ப் பழி நம்ம தலையிலதான் விடியும்."

சனிக்கிழமை விடிகாலை கிளம்பும்போது செல்வி சாமி அறையில் விபூதி பூசிக்கொண்டாள். அந்த அறை ஆணியில் மஞ்சள் துணி முடிச்சுகள் தொங்கும். வேண்டிக்கொண்டு ஒற்றை ரூபாயை முடிந்து வைத்தால், வேண்டியது நடந்த பிறகுதான் அவிழ்க்கலாம். நடக்காத வரைக்கும் தொங்கத்தான் வேண்டும். கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டும் என்று அக்கா கல்யாணமான புதிதில் முடிந்தது இன்னும் தொங்குகிறது. கிணறும் அப்படியேதான் இருக்கிறது.

இனி வழி. ஊரிலிருந்து முதல் பேருந்து 5.10, கமுதிக்கு மூன்றரை ரூபாய். கமுதியில் 5.50க்கு முதுகுளத்தூர் வழி ராமநாதபுரம் வண்டி, இருபத்திரண்டு ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வழியெல்லாம் கருவேலமும் காய்ந்த கண்மாயும்தான். உத்தரகோசமங்கை கோயிலுக்குப் பிரிகிற விலக்கு வந்ததும் செல்வி கையைச் சுரண்டினாள். "எடுத்துட்டாகன்னா வாரப்ப இங்கன எறங்கிக் கும்புட்டுப் போவோம் சின்னம்மா." சரி என்றேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிடலாம், காப்பியைத் தவிர்க்கவும். அங்கிருந்து ராமேஸ்வரம் வண்டியில் பாம்பனுக்குப் பதினாறு ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். மண்டபம் தாண்டிப் பாலத்தில் வண்டி ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். செல்வி அதுவரை கடல் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு, "காத்து பலமா இருக்கே" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் காற்றுதான் அவளைப் போட்டுப் பார்த்தது. மைதானத்தில் முதல் வேலையாக எல்லாரையும் சுவரோரம் நிற்க வைத்து உயரம் அளந்தார்கள். செல்வி ஐந்தடி இரண்டு அங்குலம். பிறகு ஆட்டம். அவள் தூக்கிய பந்தைக் காற்று கொண்டுபோய் எங்கேயோ போட்டது. வலைக்கு அந்தப் பக்கம், பின்னால், ஒரு தடவை நடுவர் தலையில். நான் வேலியோரம் நின்று பல்லைக் கடித்தேன். அவளோடு ஆடிய நெட்டைப் பெண் ஒருத்தி, பாம்பன்காரி, மேரி என்று பேர், பக்கத்தில் வந்தாள்.

"ஒசரத் தூக்காத. கச்சான் அடிக்கிது, மேல போனாக் காத்துக்குத்தான் சொந்தம். தாழக் குடு, நான் எட்டிக்கிறேன்."

கச்சான் என்றால் மேற்கேயிருந்து வரும் காற்று. செல்வி பந்தைத் தாழ்த்திக் கொடுக்க ஆரம்பித்தாள். மத்தியானத்துக்கு மேல் மேரி அடித்த அடிக்கு எதிர்ப்பக்கம் கை வைக்க ஆளில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

நாலு மணிக்குப் புறப்பட்டால்தான் கமுதியில் 8.15 கடைசி வண்டியைப் பிடிக்கலாம். புறப்படும்போது முகாம் நடத்தியவரிடம், "கல்லூரிக்காரர்கள் எப்போ வர்றாங்க?" என்று கேட்டேன். "நாளைக்குச் சாயந்தரம் அஞ்சு மணி மேட்ச்சுக்கு மேடம். அதுதான் மெயின்" என்றார். நாலு மணி வண்டியை விட்டால் இராத் தங்கல்தான். ஊர் எல்லையில் கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே குனிந்து போகும்போது செல்வி, "நாளைக்கும் நாலு மணிக்கே கெளம்பிருவோம் சின்னம்மா, நீங்க சங்கடப்படாதீக" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே வண்டிகள், அதே இட்லி. மேட்ச்சை மூன்று மணிக்கு வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள். மத்தியானம் பாம்பன் ஸ்டாண்டில் ஒரு கார் டிரைவரிடம் போனேன்.

"ஆட்டம் முடிஞ்சு கமுதிப் பக்கம் ஒரு கிராமம் போகணும் அண்ணே."

"ரெண்டாயிரத்து நானூறு குடுங்க. திரும்ப வெறும் வண்டியா வரணும்ல?"

என் பையில் அறுநூறு இருந்தது. "நீங்க காரையே விக்கிறீகளான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலியோரம் நின்று அத்தானுக்குப் போன் போட்டேன். இருந்தால் ஆட்டம், வந்தால் காப்பு, நடுவில் வழி இல்லை என்று சொன்னேன். "வையி, கூப்புடுறேன்" என்றார். கால் மணி நேரம் கழித்து அழைத்தார்.

"முடிஞ்சு வச்சுட்டேன். அவள இருந்து ஆடச் சொல்லு. பதறாம ஆடச் சொல்லு."

நான் சொன்னதும் செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஐந்து மணிக்கு வந்தது இரண்டே பேர். ஒருவர் டீ குடித்துக்கொண்டே உயரப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஆட்டம் தொடங்குமுன்பே நாலு நெட்டைப் பெண்களைக் கூப்பிட்டு விவரம் எழுதிக்கொண்டார், மேரியும் அதில் உண்டு. முதல் செட்டோடு ஒருவர் கிளம்பிவிட்டார். செல்வி மூன்று செட்டும் ஆடினாள். அப்படி அவள் ஆடி நான் பார்த்ததில்லை. முடிந்ததும் மிச்சமிருந்தவரிடம் போய் நின்றேன்.

"நல்லாத்தான் தூக்குறா. இன்னும் மூணு இஞ்ச் இருந்தா யோசிக்கலாம்" என்றார்.

"அஞ்சடி ரெண்டுன்னு எழுதித்தானே சார் பணம் கட்டினோம்? வாங்கறப்போ அந்த மூணு இஞ்ச் கண்ணுல படலையா?"

"அதை முகாம் நடத்துறவங்ககிட்டக் கேளுங்கம்மா" என்றார். அவரிடமும் கேட்டேன். அனுபவம் கிடைத்திருக்கிறதே மேடம் என்றார். நல்லா வருவார்.

அன்று இரவு முகாமிலேயே தங்கினோம். திங்கள் காலை திரும்பும்போது பாலத்தில் செல்வி கடலைப் பார்க்கவில்லை. "மேரி அடிச்சதெல்லாம் நாந் தூக்கிக் குடுத்தது சின்னம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பொறாமையாகச் சொல்லவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்திருக்கும். உத்தரகோசமங்கை விலக்கில் வண்டி நின்றது, ஆட்கள் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை.

எல்லைத் தோரணத்துக்குக் கீழே அத்தான் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்றார்.

"பாத்தாகளா?"

"பாத்தாக அய்யா. உசரம் பத்தலைன்னுட்டாக."

அவர் அவள் தலையில் தண்ணீர் தெளித்து, காலில் ஊற்றி, முன்னால் நடந்தார். வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே அக்கா ஆரம்பித்தாள்.

"சரி விடு. இனி ஒங்க அத்தகிட்ட ஆக வேண்டியதப் பேசுவோம்."

"அது எப்பிடிப் பேசுறது?" என்றார் அத்தான்.

"நீங்கதான சொன்னீக, எடுக்கலைன்னா பேச்ச விட்டுறணும்னு?"

"சொன்னேன். காச முடியிறப்ப வேற சொல்லிட்டேன்ல."

"என்ன சொன்னீக?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆத்தா, எல்ல தாண்டித் தங்குற எம் புள்ளைய ஒண்ணுஞ் செஞ்சிறாத. அவ காலேசு படிச்சு முடிச்சதும் அவ கையாலயே அவுத்து உண்டியல்ல போடச் சொல்றேன்னு சொல்லிட்டேன்."

"அவுக எடுத்துக்கிட்டா அவுக்குறோம்னு சொல்ல வேண்டியதுதான?"

"அது வாயில வரல."

அக்கா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாமியிடம் சொன்ன சொல்லை மாற்ற அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. செல்வி தட்டைப் பார்த்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முகாம் அந்தக் காசு பெறுமா? பெறாது. கட்டணம், இரண்டு நாள் வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவாயிரத்தை ஒட்டிப் போனது. நாலு பேரைப் பொறுக்க ஓர் அளவுகோல் போதும். அனுப்பியே தீருவேன் என்றால், பணம் கட்டுமுன் போன் செய்து மூன்றைக் கேளுங்கள்: எந்தக் கல்லூரியிலிருந்து யார் வருகிறார், எத்தனை மணிக்கு வருகிறார், என் பிள்ளை உயரத்துக்கும் ஆடும் இடத்துக்கும் ஆள் தேவையா. மழுப்பினால் விட்டுவிடுங்கள். அதைவிட நல்லது, பிள்ளையைக் கல்லூரிக்கே நேரில் கூட்டிப்போய் உடற்கல்வி ஆசிரியரிடம் பத்து நிமிடம் பந்து தூக்கிக் காட்டச் சொல்வது. பாம்பன் பக்கம் ஆடப் போனால் காற்றுக்குப் பழக ஒரு நாள் முன்னால் போங்கள். ஊரில் காப்பு எப்போது என்று முதலில் விசாரியுங்கள்.

செல்வி ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் மார்க்கை வைத்தே சேர்ந்தாள், ஒதுக்கீடு எதுவும் இல்லை. சேர்ந்த வாரத்தில் மைதானத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்த ஆசிரியை, "செட்டரா? வா, ரெண்டு மாசமா ஆளில்லாம இருக்கோம்" என்றாராம். உயரம் கேட்கவில்லை. கட்டணத்துக்கு அத்தான் ஒவ்வொரு தடவையும் மிளகாய் விற்கப் போன வண்டியைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார், ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. போன மாதம் போயிருந்தேன். கிணற்று முடிச்சுக்குப் பக்கத்தில் அத்தான் போட்ட முடிச்சும் தொங்குகிறது, மஞ்சள் வெளுத்திருக்கிறது. காட்டுக்குக் கிளம்புமுன் அத்தான் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.