பனி பார்க்கப் போய் உருளைக்கிழங்கு உரித்த கதை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மன்னாரிலிருந்து இத்தாலியின் பலேர்மோ நகருக்கு நான் வந்து நாலு வருடமாகியிருந்தது. பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் வேலை. மாசி மாதம் வந்தால் அந்த வீட்டார் வடக்கே பனிச்சறுக்கு விளையாடப் போவார்கள். தடித்த காலுறை, கையுறை, கம்பளித் தொப்பி எல்லாவற்றையும் தோய்த்து மடித்துப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. திரும்பி வந்ததும் ஈரச் சப்பாத்துகளுக்குள் பேப்பர் திணித்துக் காயவைப்பதும் நான்தான். பனியை மட்டும் கண்டதில்லை.

அந்த வருடம் வீட்டார் போனபோது எனக்கும் மூன்று நாள் லீவு கிடைத்தது. அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை, சிசிலியிலேயே மதோனியே மலையில் பனி விழும், அங்கேயும் சறுக்குகிறார்கள் என்று வீட்டுக்கார சிஞ்ஞோரா எப்போதோ சொல்லியிருந்தார். போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். என்னோடு அறையைப் பகிர்ந்திருந்த யாழ்ப்பாணத்துத் தோழிக்குச் சிரிப்பு.

"உனக்கென்ன விசரே? பனி பார்க்கத் தனியப் போறியோ?"

"ஓம், போறன். நீயும் வாறியோ?"

"எனக்கு ஆர் மூண்டு நாள் லீவு தாறது? போறதெண்டால் தங்க இடம் பிடிச்சிட்டுப் போ. அங்கை போய் நடுத்தெருவிலை நிக்காதை."

இடம் பிடிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. வியா மக்வேதா தெருவில் ஒரு டெலிபோன் பெட்டிக்குள் நின்றுகொண்டு, மஞ்சள் பக்கங்களிலிருந்து எழுதிவந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்தேன். ஒரு ஹோட்டலில், ஒரு ஆள் என்றாலும் இரண்டு பேருக்கான வாடகை என்றார்கள். இன்னொன்றில், ஒரு கிழமைக்குக் குறைந்து தருவதில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில், "தனியாகவா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். கடைசியில் அகப்பட்டது ஒரு ரிஃபூஜோ. மலை ஏறுகிறவர்கள் தங்கும் எளிய விடுதி. பெண்களுக்கு ஒரு பொது அறை, அடுக்குக் கட்டில்கள், மத்தியானமும் இரவும் சாப்பாடு. என் கைக்கு எட்டும் விலை. பேசிய ஆளிடம், "ஒரு ஆள், ரெண்டு இரவு, பெண்கள் அறையிலை ஒரு கட்டில்" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்லி, என் ஞானஸ்நானப் பெயரைக் கொடுத்தேன். அந்தப் பெயர் இத்தாலியில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். நான் இத்தாலியன் பழகியதும் பலேர்மோச் சமையலறையில். அவர் என்னை உள்ளூர்க்காரி என்றே நினைத்திருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது.

பஸ்ஸில் மலையடிவார ஊருக்குப் போய், அங்கிருந்து பனிக்காலத்தில் மட்டும் ஓடும் வான் வண்டியில் ஏறி, மத்தியானம் இரண்டு மணிபோல் போய்ச் சேர்ந்தேன். கண் கூசும் வெள்ளை. காதெல்லாம் விறைத்தது. வடிவாகப் பார்ப்பதற்கு முன் பையை வைத்துவிடுவோம் என்று கதவைத் தட்டினேன். கம்பளித் தொப்பி போட்ட ஐம்பது வயது மனிதர் திறந்தார். விடுதிக்காரர் அவர்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேசியது இத்தாலியனில்தான்; என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

"வந்திட்டியா? நல்லதாப் போச்சு. குசினி பின்பக்கம், போ."

அடிவார ஊரிலிருந்து சமையலுக்கு உதவியாள் ஒருத்தி வருவதாக இருந்ததாம். அவளை அவர் முன்பின் பார்த்ததில்லை; அவள் கடைசிவரை வரவும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். "இல்லை, நான் தங்க வந்தனான்" என்று சொல்லத்தான் திறந்தேன். ஆனால் வெளியே வந்தது, "சீ, சிஞ்ஞோரே." சரி ஐயா. நாலு வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். கால்களும் பின்பக்கம் நடந்தன.

குசினியில் அவருடைய மனைவி மாவுக் கையோடு நின்றார். ஒரு ஏப்ரனைத் தந்து, ஒரு கூடை உருளைக்கிழங்கைக் காட்டினார். இதை உரித்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். உரித்து முடிக்க வெங்காயம் வந்தது. அதன்பின் பெரிய சட்டிகள். முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். ஒரு மணி நேரம் போனபின் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. நான் பார்க்க வந்த பனி அதற்கு அப்பால் எங்கேயோ கிடந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரம் விடுதிக்காரர் உள்ளே வந்து மனைவியிடம் சொன்னார்.

"டெலிபோனிலை கட்டில் கேட்ட அந்தப் பலேர்மோ சிஞ்ஞோரா வரேல்லை. கடைசி வானும் போயிட்டுது. கட்டிலைக் கத்தானியாவிலையிருந்து வந்த பொம்பிளைக்குக் குடுத்திட்டன். அவவின்ரை கார் ஸ்டார்ட் வருகுதில்லை."

அது என் கட்டில். வேறு கட்டில் இல்லை, கீழே போக வாகனமும் இல்லை, வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரவு எங்கே படுப்பது? பயம்தான் என்னைப் பேச வைத்தது, துணிவு அல்ல.

"சிஞ்ஞோரே, அந்த ஆள் நான்தான்."

அவருக்கு விளங்கவில்லை. "எந்த ஆள்?"

டெலிபோனில் சொன்ன வசனத்தையே திரும்பச் சொன்னேன். ஒரு ஆள், ரெண்டு இரவு, பெண்கள் அறையிலை ஒரு கட்டில். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது. குரல் பிடிபட்டுவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் உங்களைக் கண்டவுடனை..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

மனைவி அவரைச் சிசிலியன் பாஷையில் ஏசிய ஏச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஏசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவர் ஒரு மடையன். நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை?"

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர் என் ஏப்ரனைத் தானே அவிழ்த்துக் கணவரின் கழுத்தில் மாட்டினார். மிச்சச் சட்டிகளை விடுதிக்காரர்தான் தேய்த்தார். கட்டிலை எடுத்திருந்த கத்தானியாப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும், அவரும் தனியாக வந்தவர். விஷயம் தெரிந்ததும் தான் அடுப்புப் பக்கத்து வாங்குப் பலகையில் படுப்பதாகச் சொன்னார். அதற்குள் விடுதிக்காரரின் மனைவி தங்கள் அறையிலிருந்து ஒரு மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்து எங்கள் அறைக்குள் போட்டுவிட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு நீண்ட மேசையில் என்னையும் இருத்தினார்கள். அதைப்போல ஒரு கஷ்டமான சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. ஒரு கோப்பை காலியானதும் எழுந்து எடுக்கக் கை துடித்தது. இரண்டு தரம் எழும்பியும் விட்டேன். இரண்டாம் தரம் கத்தானியாக்காரி என் மணிக்கட்டைப் பிடித்து, "இருங்கோ, அவையள் எடுப்பினம்" என்றார்.

மறுநாள் காலை கத்தானியாக்காரியும் நானும் வெளியே இறங்கினோம். அவர் சறுக்கினார், நான் விழுந்தேன். பனி நான் நினைத்ததுபோல் பஞ்சாக இல்லை. மிதித்தால் சோள மாவைப்போல் நெரிந்தது. மூன்று மணி நேரம் நின்று, நடந்து, விழுந்து, அலுக்காமல் பார்த்தேன்.

புறப்படும் நாளில் விடுதிக்காரர் காசு வாங்க மறுத்தார். நான் விடவில்லை. "நான் தங்க வந்த ஆள். தங்கின ஆள் காசு குடுக்கும்தானே" என்றேன். அந்தப் பயணத்தில் தயங்காமல் நான் சொன்ன வசனம் அது ஒன்றுதான். அவர் வாங்கிக்கொண்டு, வான் நிற்கும் இடம் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு பலேர்மோவில் எத்தனையோ கதவுகளைத் தட்டியிருக்கிறேன், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போன குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தின் கதவு உட்பட. திறக்கிறவர் என்னை யாராக நினைப்பார் என்பது இன்றைக்கும் என் கையில் இல்லை. நான் யார், எதற்கு வந்தேன் என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்பதை மட்டும், ஒரு கூடை உருளைக்கிழங்கை உரித்துத்தான் நான் பழகிக்கொண்டேன்.