ராசம்மாவுக்கு ஒன்பது புள்ளி

ராசம்மா அத்தையை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ரிவர்ஸ்டன் போகும் வழியிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவளும் என் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். வாய் கொஞ்சம் நீளம். கங்காணியையே பிடித்து, "என்னா தொர, மொகம் சரியில்ல, வீட்டுல பூச விழுந்துச்சா?" என்று கேட்பாள். மலையே சிரிக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த வாய் அடைத்துப்போனது. கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்த அவளுடைய ஒரே மகன் விஜேந்திரன் லொறி மோதி இறந்தான். காரியம் முடிந்த மறுநாளே அவள் வேலைக்குப் போனாள். அதன்பிறகு மலையும் லயத்து அறையும்தான். யாரோடும் பேச்சில்லை.

நான் படித்து, மாத்தளையில் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்திருந்தேன். சிங்களக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் வீடு வீடாகப் போய்ப் பத்துக் கேள்வி கேட்டு, ஆட்களின் மனவேதனைக்குப் புள்ளி போடுவதுதான் வேலை. ஒரு கேள்விக்கு மூன்று வரை போடலாம். மொத்தம் பத்து வந்தால் மனநல டாக்டரிடம் பெயர் போகும். ஒன்பது என்றால் போகாது. எங்கோ யாரோ எழுதிய கேள்விகளைச் சிங்களத்துக்கு மாற்றி, அங்கிருந்து தமிழுக்கு இழுத்து வந்திருந்தார்கள். எந்த மனிதர் அப்படித் தமிழ் பேசுகிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பட்டியலில் ராசம்மா அத்தையின் பெயரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். டாக்டரிடம் சேர்த்துவிடலாம் என்று நம்பினேன்.

"நீங்கள் செய்யும் காரியங்களில் ஆர்வம் குறைந்துள்ளதா?" படிவத்தில் இருந்தபடியே வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.

"கொழுந்து எடுக்கிறதுல என்னா புள்ள ஆர்வம்? கேக்குற கேள்வியப் பாரு."

பூச்சியம். குற்றவுணர்வு என்றால் என்னவென்றே அவளுக்கு விளங்கவில்லை. அதற்கும் பூச்சியம். தூக்கத்தைக் கேட்டதற்கு, "அசதியில வந்து விழுந்தா தூங்காம என்னா செய்ய?" என்றாள். சாக வேண்டும் என்று தோன்றியதா என்று கேட்டபோது வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் நின்றார்கள். "சீ, அந்தப் பேச்செல்லாம் எதுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு தானாகவே சொன்னாள். "நெஞ்சுக்குள்ள ஒரு கல்லு கெடக்கு புள்ள. எறங்கவே மாட்டேங்குது. உச்சந்தல கொதிக்குது. அத எழுதிக்க."

கல்லுக்குக் கட்டம் இல்லை. 'வேறு' என்ற இடத்தில் எழுதினேன். அந்த இடத்துக்குப் புள்ளி கிடையாது.

அழுகை, பசியின்மை, தனிமை என்று எப்படியோ ஒன்பது சேர்ந்தது. கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி. இந்த வேதனை உங்கள் வேலையைப் பாதித்ததா?

"இல்லவே இல்ல" என்றாள் ரோசத்தோடு. "எனக்கு ஒரு நாளாவது அரைப்பேர் விழுந்திருக்கான்னு போய்க் கேளு."

கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம். அதுதான் அரைப்பேர். எங்கள் பெண்களுக்கு நெஞ்சு வெடித்தாலும் நிறை குறையாது, குறைந்தால் அடுப்பு எரியாது. இதைக் கேள்வி எழுதியவர்களுக்கு யார் சொல்வது?

ஒன்று போட்டால் பத்து. வெளியே வந்து மேற்பார்வையாளர் பலீல் சேருக்கு போன் எடுத்தேன். "நீங்களா ஒண்ணும் சேர்க்காதீங்க நிரஞ்சனி. அவங்க சொன்னதத்தான் போடணும். இல்லாட்டி அளவே பிழைச்சிடும்" என்றார். பூச்சியம் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

மூன்றாவது வாரம், மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த ராசம்மா அத்தை லயத்துக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலையில் உடலைத்தான் கண்டெடுத்தார்கள். தானே தேடிக்கொண்ட சாவு. எங்கே, எப்படி என்று எழுத எனக்கு மனமில்லை. "நீ போய் அவகிட்ட என்னத்தடி கேட்ட?" என்றாள் அம்மா.

பலீல் சேரிடம் போய் அழுதேன், கத்தினேன். கணக்கிலிருந்து அவளுடைய படிவத்தையாவது நீக்கிவிடுங்கள் என்றேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "கேட்ட அன்னைக்கு அவங்க உசிரோடதானே இருந்தாங்க. எடுக்க ஏலாது" என்றார்.

போன மாதம் அறிக்கை வந்தது. சிங்களக் கிராமத்துப் பெண்களைவிடத் தோட்டத்துப் பெண்களுக்கு மனவேதனை குறைவாம். எங்கள் தோட்டத்தில் நாற்பத்திரண்டு பெண்கள், அத்தனை பேரும் நலம் என்று போட்டிருக்கிறது. அந்த நாற்பத்திரண்டு பேரில் ராசம்மா அத்தையும் ஒருத்தி.