வானம் கீழே, பூமி மேலே

முதலே சொல்லிப்போடுறன், நான் நல்ல மனுசி இல்லை. துறைமுகத்தடியில, கப்பல் சாமான் இறக்கிறதுக்குக் கடுதாசி வேலை பார்க்கிற ஒபிஸில இருந்தனான். என்ர வாய்க்குப் பயந்து ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடுறேல்ல. சீனக்குறி பார்க்கப் பழகின பிறகுதான் சாப்பாட்டு நேரத்தில என்ர மேசையைச் சுத்திச் சனம் நிண்டது.

பழைய புத்தகக் கடையில வாங்கின, அட்டை கிழிஞ்ச தமிழ்ப் புத்தகம் ஒண்டைப் பார்த்துத்தான் பழகினனான். அந்தக் காலத்துச் சீனர் முதலில ஆமையோட்டைச் சூடு காட்டி, வெடிப்பு ஓடின விதத்தைப் பார்த்துக் குறி சொன்னவையாம். பேந்து குச்சி, அதுக்குப் பிறகு காசு. குத்திக்காசு மூண்டைக் கையில குலுக்கிப் போடவேணும். இலச்சினைப் பக்கம் விழுந்தா மூண்டு, இலக்கப் பக்கம் விழுந்தா ரெண்டு. கூட்டி ஒற்றை வந்தா முழுக்கோடு, இரட்டை வந்தா நடுவில உடைஞ்ச கோடு. ஆறு தரம் போட்டு, ஆறு கோட்டையும் கீழ இருந்து மேல அடுக்கவேணும், வீடு கட்டுற மாதிரி. அப்பிடி அறுபத்திநாலு உருவம் வரும், ஒவ்வொண்டுக்கும் ஒரு விளக்கம்.

எங்கட சாத்திரிமார் மாதிரி இன்ன மாசம் இன்னது நடக்கும் எண்டு அது சொல்லாது. முழுக்கோடு வெளிச்சம், உடைஞ்ச கோடு இருட்டு, ஒண்டில்லாமல் மற்றது இல்லை. எது முத்தினாலும் எதிர்ப்பக்கம் திரும்பும். உன்ர காரியம் இப்ப எந்த இடத்தில நிக்குது எண்டு காட்டும், மிச்சம் உன்ர பாடு. ஆனா வாற சனத்துக்கு அந்த மிச்சம் வேண்டாம். ஓமோ இல்லையோ எண்டு என்ர வாயைப் பார்த்துக்கொண்டு நிப்பினம். அந்த முகங்களைப் பார்க்க எனக்கு நல்லா இருந்தது.

பாலையூற்று வீட்டில நான், தங்கச்சி, படுக்கையில விழுந்த அம்மா. அம்மாவைக் கழுவித் துடைச்சு, திருப்பிப் படுத்தி, கஞ்சி பருக்கினது முழுக்கத் தங்கச்சிதான். என்னட்டப் பொறுமை இல்லை. ஒருநாள் அவள் சந்தைக்குப் போன நேரம், கஞ்சியைத் துப்பினதுக்கு அம்மாவுக்குக் கன்னத்தில அடிச்சனான். தங்கச்சி வந்து அந்தத் தடிப்பைப் பார்த்து, எண்ணெய் தடவிவிட்டாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயசில ஒரு சம்பந்தம் வந்தது. சீனன்குடாவில எண்ணெய்த் தாங்கியடியில வேலை செய்தவர், மனுசியைப் பறிகுடுத்தவர். கலியாணம் முடிஞ்சா குச்சவெளியில அவற்ற வீட்டில போய் இருக்கவேணும். தங்கச்சிக்கு விருப்பம். கண்ணாடிக்கு முன்னால கன நேரம் நிண்டாள். எனக்கு வயிறு எரிஞ்சுது. பொறாமைதான், ஏன் பொய் சொல்லுவான்? அதைவிடப் பெரிசு, அவள் போனா அம்மான்ர மலமும் சலமும் என்ர தலையில.

"அக்கா, எனக்கும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்" எண்டு தானா வந்து கேட்டாள்.

"சீனன்குடா மாப்பிள்ளைக்குச் சீனக்குறிதான் பொருத்தம்" எண்டு நக்கலடிச்சுக்கொண்டு குசினி மேசையில கோடு கீறக் கொப்பியை விரிச்சனான். காசை அவளே போட்டாள். முதல் மூண்டும் முழுக்கோடு, பிறகு மூண்டும் உடைஞ்ச கோடு. மூண்டு முழுக்கோடு சேர்ந்தா வானம், மூண்டு உடைஞ்ச கோடு சேர்ந்தா பூமி. கீழ வானம், மேல பூமி.

புத்தகத்தில உள்ள ஆக நல்ல உருவங்களில அது ஒண்டு. வானத்தின்ர குணம் மேல எழும்புறது, பூமியின்ர குணம் கீழ இறங்கிறது. அப்பிடி இருந்தாத்தான் ரெண்டும் நடுவில சந்திக்கும், சமாதானம் வரும். வானம் மேலயும் பூமி கீழயும் கிடந்தா ஒண்டை விட்டு ஒண்டு விலகிப் போகும், அதுதான் கெட்டது. எங்கட ஆக்களுக்குச் சொல்லித் தராமல் இது விளங்காது. வானம் எண்டா மேலதானே இருக்கவேணும்? நான் அதைத்தான் பிடிச்சனான்.

"பார், வானம் காலுக்குக் கீழ கிடக்கு, பூமி தலையில ஏறி இருக்கு. போற குடும்பம் தலைகீழாகும். போகாதை."

அவள் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்காப் போட ஏலாதா அக்கா?"

"ஏலாது. ஒரு கேள்வியை ரெண்டாந்தரம் கேக்கிறது குறியை அவமதிக்கிறது."

அண்டைக்கு நான் சொன்னதில உண்மை அது ஒண்டுதான்.

அடுத்த கிழமை அவருக்கு மாட்டன் எண்டு சொல்லிவிட்டாள். அவர் ரெண்டு தரம் வந்து கதைச்சுப் பார்த்தார், பேந்து வேற இடத்தில கட்டினார். அம்மா அதுக்குப் பிறகு மூண்டு வருசம் கிடந்துதான் போனவா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிஞ்ச கையோட, அம்மான்ர கட்டிலை விக்கவேணும் எண்டு நான் நிண்டன். தங்கச்சி மறிச்சாள். "ஒருநாள் அம்மாவைக் கழுவினீங்களா, கட்டிலில பங்கு கேக்க?" எண்டாள். உண்மையை முகத்துக்கு நேர ஆரும் சொன்னா எனக்குக் கோவத்தில விசர் வரும். நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? அவளை நோகடிக்கவேணும், அவ்வளவுதான் என்ர எண்ணம்.

"அண்டைக்கு உனக்கு விழுந்தது நல்ல குறியடி. நான்தான் மாத்திச் சொன்னனான். விசரி மாதிரி நம்பினாய்."

அழுவாள் எண்டு பார்த்தன். கட்டில் சட்டத்தைத் துடைச்சுக்கொண்டிருந்தவள் கையை நிப்பாட்டேல்ல.

"தெரியும் அக்கா. அடுத்த நாள் நீங்கள் வேலைக்குப் போக, புத்தகத்தை எடுத்து வாசிச்சனான்."

"அப்ப ஏன் போகேல்ல?"

"நல்லது எண்டு தெரிஞ்சுகொண்டே என்னட்ட அப்பிடிச் சொன்னீங்கள். பேந்து எப்பிடி அம்மாவை உங்களிட்ட விட்டுட்டுப் போறது?"