ஆமை முட்டைக்கு நாங்கள் போட்ட பாத்தி

போன வெள்ளிக்கிழமை மீன் வண்டியில் மத்தி வாங்கினேன். போடிமெட்டுப் பக்கமிருந்து எங்கள் எஸ்டேட் இறக்கத்துக்கு வாரம் இரண்டு நாள் வருகிற வண்டி. கவரைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. இது குஞ்சு அல்லவா என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். "இப்ப கடல்ல இதான் கிட்டுது சேச்சி. பெருசாகட்டும்னு ஒரு போட்டுக்காரன் விட்டா, பக்கத்து போட்டுக்காரன் வாரிட்டுப் போயிருவான்" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதால்தான் கவலையும் வந்தது.

வாங்கியதை என்ன செய்ய, பொரித்தேன். சட்டியில் அத்தனை கண்களும் என்னையே பார்ப்பதுபோல இருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு திருப்பிப் போட்டேன். அந்த வாடை அடுப்படியில் நின்றபோது, உப்பும் பாசியும் ஈர மணலுமாக, நான் முதல்முதலில் கடலைப் பார்த்த காலை ஞாபகம் வந்தது.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கவலைப்படுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில். ஏழாம் வகுப்பில், பெயிலாகிவிடுவோமோ என்ற கவலையில் பரீட்சைக்கே போகாமல் இருந்தேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. ஏலத்தோட்ட நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என் குணத்துக்கு நல்ல மரியாதை. ஏல நாற்று வெயில் பட்டாலும் வாடும், தண்ணீர் தேங்கினாலும் அழுகும். நாளுக்கு நாலு தரம் போய்ப் பார்த்துக் கவலைப்பட ஆள் வேண்டும். கங்காணியே ஒருநாள் சொன்னார், இந்தப் பிள்ளை கவலைப்படுகிற பாத்தியில் ஒரு நாற்றும் சாகாது என்று. என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அதுதான்.

இருபது வருஷம் இருக்கும். தவக்காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து பஸ் பிடித்து, தெற்கே கடற்கரையில் இருக்கும் ஒரு மாதா கோயிலுக்குப் புறப்பட்டோம். போடிமெட்டு இறக்கத்தின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னேன். பக்கத்தில் இருந்த என் அண்ணன் மனைவி ரோஸ்லி மைனி, "ஏட்டி, கொஞ்சம் மிச்சம் வையி. கடல்ல முங்கும்போது வேணும்" என்றாள்.

கடலைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இது இரவில் யார் காவலில் இருக்கிறது என்பதுதான். மணலில் சுளகு அளவில் ஓர் ஆமை செத்துக் கிடந்தது. கழுத்தில் வலைத்துண்டு இறுகியிருந்தது. போட்டுக்காரர்கள் வலையில் சிக்கி இப்படி நிறைய ஒதுங்கும் என்று யாரோ சாதாரணமாகச் சொன்னார்கள். மற்றவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நான் இரண்டு தரம் திரும்பிப் போய், மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் முதல் வேலை கூட்டுவதுதான். லயத்து வாசலைக் கூட்டிக் கூட்டி வந்த பழக்கம். பஸ்ஸிலேயே விளக்குமாறு கொண்டு வந்திருந்தோம். சமையலுக்குப் பார்த்த இடத்தில், டிராக்டர் டயர் போன தடம் மாதிரி ஒன்று கடலிலிருந்து மேலே ஏறி வந்திருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று ரோஸ்லி மைனி அதைச் சுத்தமாகக் கூட்டி அழித்தாள். அப்புறம், கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் எங்களுக்குச் சமைக்கிற சூசை மாமா, குழியடுப்புக்காக அங்கே மம்பட்டியைப் போட்டார்.

முழங்கை ஆழத்தில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் வந்தன. பிள்ளைகள் விளையாடும் பந்து என்று நினைத்தோம். தொட்டால் தோல்போல அமுங்கியது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர், "பங்குனி ஆமை முட்டை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முங்கிவிட்டார்.

சூசை மாமாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அன்று தவக்கால வெள்ளி. இறைச்சி கூடாது. எஸ்டேட்டில் எங்களுக்கு ஜெபம் சொல்லித்தருகிற உபதேசியாரும் கூட வந்திருந்தார், அவரிடம் பேச்சு போனது.

"கடல்ல இருந்து வந்தது எல்லாம் மீனுதான், உபதேசியாரே. குழம்புல போட்ருவோம்."

"ஆமைக்குக் காலு இருக்கே, சூசை."

"நண்டுக்கும்தான் காலு இருக்கு. போன வெள்ளிக்கிழமை நீரு நண்டு திங்கலையா?"

உபதேசியார் எழுந்தார். சாமியாரிடம் கேட்டு வருகிறேன் என்று கோயிலுக்குள் போனார். சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார், வரிசை நீளம். அதில் நின்றுதான் கேட்க முடிந்தது. அந்த இடைவெளிதான் முட்டைகளுக்குக் கிடைத்த ஆயுள்.

காலையில் பார்த்த செத்த ஆமை என் கண்ணை விட்டுப் போகவில்லை. இது அதன் முட்டையாக இருந்தால்? "மைனி, இத எப்படியாவது நட்டுருவோம்" என்றேன். நட்டுருவோம் என்றுதான் சொன்னேன். எங்களுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே. நர்சரிப் பெண்கள் ஆறு பேர் குனிந்தோம். பத்தடிக்கு மேடு கட்டிப் பாத்தி பிடித்தோம். சாணுக்கு ஒரு முட்டையாக, வரிசை கோணாமல் வைத்தோம். நூற்றுக்குக் கிட்ட இருந்தது. மேலே கால் அங்குலம் பொடிமணல் தூவினோம். தென்னோலை வைத்து நிழல் கட்டினோம். கோயில் குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, விரலை விரித்து மெதுவாகத் தெளித்தோம். இன்றைக்கும் சொல்வேன், பார்க்க அவ்வளவு அழகான பாத்தி. கங்காணி பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

அப்போது மீன் கூடையோடு ஓர் அம்மாள் வந்தாள். பெயர் பவுலினம்மாள் என்று பிறகு தெரிந்தது. ஓலையைத் தூக்கிப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள்.

"முட்டைக்குத் தண்ணி ஊத்துத ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றாள். "உரமும் வைப்பீகளோ?"

கூடையை இறக்கிவிட்டு மணலில் படுத்தாள். தோள் வரைக்கும் கை போகிற ஆழத்தில், பானை மாதிரி ஒரு குழி தோண்டினாள். ஆமை குவியலாகத்தான் இடும், ஒன்றின் சூட்டில் ஒன்று இருக்கும், ராத்திரிதான் இட்டிருக்கும் என்பதால் உயிருக்குப் பழுதில்லாமல் இருக்கலாம் என்று சொன்னபடியே, ஒவ்வொன்றையும் புரட்டாமல் எடுத்து உள்ளே வைத்தாள். ஆட்கள் மிதிக்காமல் இருக்கக் கோயில் வேலி ஓரமாகத் தோண்டியிருந்தாள். வேலையெல்லாம் முடிந்து எழுந்து முந்தானையை உதறிக்கொண்டே, இதைத் தொட்டால் வனத்துறை பிடித்து உள்ளே போடும் என்றும் சொன்னாள். நான் குடத்தைக் கொண்டுபோய்க் கோயில் குழாயடியிலேயே வைத்தேன். சூசை மாமா மம்பட்டியை பஸ்ஸுக்கு அடியில் ஒளித்துவைத்தார். உபதேசியார் திரும்பி வந்து, சாமியார் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. அன்று மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. வெறும் ரசம்.

பவுலினம்மாளின் மகனிடம் செல்போன் இருந்தது. எங்கள் அண்ணனிடமும் அப்போதுதான் ஒன்று வந்திருந்தது. எஸ்டேட்டில் சிக்னல் கிடைப்பது மேல் பாறையில் மட்டும். வாரா வாரம் பாறையேறிக் கேட்டேன், முட்டை எப்படி இருக்கிறது என்று. "மண்ணுக்குள்ள இருக்கு. எழுந்திருச்சு உக்காந்து பேசவா செய்யும்" என்பாள். ஒரு வாரம் மட்டும் அவளாகவே ஒன்று சொன்னாள். வேலி ஓரத்துத் தென்னை நிழல் குழிமேல் விழுகிறது. சூடு குறைந்தால் எல்லாம் கடுவனாகத்தான் பொரிக்கும், பொட்டை வராது என்று வனத்துறைக்காரர் சொல்லிவிட்டுப் போனாராம்.

பாறையில் இருந்து இறங்கும்போது எனக்குப் புதுக் கவலை. அத்தனை ஆண் பிள்ளைகளுக்கும் பொட்டைக்கு எங்கே போவது? வம்சம் என்ன ஆகும்? சூசை மாமா என்னைக் கண்ட இடத்தில் எல்லாம், "பிள்ளைகளுக்கு வரன் அமைஞ்சுதா?" என்று கேட்டார். நான் மாதா படத்துக்கு முன்னால், நாலு பொட்டையாவது வரட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். இப்படியும் ஒரு ஜெபமா என்று மைனி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐம்பது நாள் கழிந்து ஒரு காலையில் பவுலினம்மாளே கூப்பிட்டாள். அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஓடினேன். அவள் போனைக் கடல் பக்கமாக நீட்டினாள் போலிருக்கிறது, இரைச்சல் மட்டும் கேட்டது. எத்தனை என்று கேட்டேன். "எண்ணுததுக்கு நிக்குதா? முக்காவாசி ஓடிட்டு" என்றாள். பாறையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும், மீதிக் கால்வாசியை நினைத்துக் கவலைப்பட ஆரம்பித்தேன்.

அந்த வேண்டுதலை மட்டும் நான் விடவில்லை. பழக்கமாகிவிட்டது. சாப்பாட்டு ஜெபம், ராத்திரி ஜெபம், நாலு பொட்டை.

போன தவக்காலத்தில் மறுபடியும் அந்தக் கோயிலுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி மணலைத் தேடினேன். மணல் இல்லை. கோயில் சுவரை ஒட்டியே பாறாங்கல். லாரி லாரியாகக் கொட்டி, கண்ணுக்கு எட்டிய தூரம் அடுக்கியிருந்தார்கள். உயரமான கம்பங்களில் விளக்குகள். அடுப்புக்குக் குழி தோண்ட இடம் இல்லாமல், சூசை மாமாவின் மகன் கேஸ் அடுப்பை பஸ் நிழலில் பற்ற வைத்தான்.

பவுலினம்மாள் இருந்தாள். வீட்டைக் கடல் எடுத்ததால் உள்ளே தள்ளிக் குடியிருந்தாள். வடக்கே துறைமுகத்துக்குக் கல் போட்டார்கள், அதனால் இங்கே மண் போனது, மண் போனதால் இங்கேயும் கல் போட்டார்கள் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு வாரம் முன்ன ஒரு பொட்டை வந்துச்சு. கல்லுல ஏறப் பாத்து, வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. இட இடம் கெடைக்கல. வயித்தோட திரும்பிப் போயிட்டு."

பொட்டை ஆமை பிறந்த கரைக்குத்தான் முட்டையிட வரும் என்று அவள்தான் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். வயதும் கணக்கும் சரியாகத்தான் வந்தது. கேட்டே விட்டேன்.

"அது நம்ம குழியில உள்ளதா இருக்குமோ?"

"அது எப்படி? நம்ம குழியில எல்லாம் கடுவன்லா." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துச் சொன்னாள். "கடுவன் பொரிச்சு எறங்குனதோட சரி. பெறகு கரைக்கே வராது. அதுக்குக் கரை வேண்டாம்."

கோயிலுக்குள் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். இருபது வருஷம் விடாமல் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒன்றுகூடப் பொட்டையாக இருந்திருக்க வேண்டாம், தாயே, என்றேன்.