கொதிநீர்ப் பாக்டீரியாவும் என் ஒற்றைக் கேள்வியும்

போன வாரம் ஒரு பிஎச்.டி. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எழுந்து நின்று கேள்வி கேட்டேன். நானா? நானேதான்... பத்தாம் வகுப்பில் தவளைப் படத்தைக்கூடப் பக்கத்து நோட்டைப் பார்த்து வரைந்தவன்.

முட்டத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் மேரியின் மகள் ஜெனிஷா. கொதிக்கும் ஊற்றில் சுகமாக வாழும் ஒரு பாக்டீரியாவோடு ஐந்து வருஷமாக மல்லுக்கட்டுகிறாள். வைவாவில் பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம். தானாக யாரும் கேட்பதில்லை என்பதால், முன்கூட்டியே ஆள் பிடித்துக் கேள்வியையும் கொடுத்துவிடுவது வழக்கம். எனக்கும் ஒரு துண்டுச்சீட்டு வந்தது. ‘வெப்பம்தான் காரணமா?’ அவ்வளவுதான்.

எதற்குக் காரணம்? விளக்கினாள். மரபணுவில் மூன்று மூன்று எழுத்தாகக் குறியீடுகள் இருக்கின்றனவாம். பெயர் கோடான்; ஒவ்வொன்றும் புரதத்தின் செங்கல்லான ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்குமாம். ஒரே அமினோ அமிலத்துக்கு நாலு, ஆறு கோடான்கூட உண்டாம். இந்தப் பாக்டீரியாவோ சிலதையே திரும்பத் திரும்ப எடுக்கிறது. ஏன்? நாகர்கோவிலிலிருந்து குலசேகரத்துக்குப் பல வழி இருந்தும் பஸ் ஒரே வழியில் போகிற மாதிரியா என்றேன். கிட்டத்தட்ட என்றாள்.

புரிந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள்... அங்கேதான் குழப்பம் ஆரம்பம். வெப்பம் ஒரு காரணமாம். டி.என்.ஏ.வில் எந்த எழுத்து அதிகம் என்பது இன்னொன்றாம். ஓயாமல் வேலை செய்யும் மரபணுவின் தேர்வு ஒரு விதம், சும்மா கிடப்பதன் தேர்வு வேறு விதமாம். தலையாட்டினேன். அது எனக்கு நன்றாக வரும்.

வைவா அன்று முன்வரிசையில் மேரி, கையில் ஜெபமாலை. பட்டம் வந்தால்தான் மகளுக்குக் கல்லூரி வேலை.

வெளியூர்த் தேர்வாளர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார் — வெப்பம்தான் காரணமா? அடப்பாவமே, என் கேள்வி! அது மட்டும் இல்லை என்று ஜெனிஷா அழகாக விளக்கிவிட்டாள். அடுத்து பார்வையாளர்களின் முறை. அவள் என்னைப் பார்த்தாள். பேசிவைத்தபடி எழுந்துவிட்டேன். சீட்டோ செல்லாது. என்ன கேட்பது?

“அப்போ வெப்பத்துக்கு எவ்வளவு பங்கு, மத்ததுக்கு எவ்வளவு பங்கும்மா?”

ஜெனிஷாவின் முகம் வெளுத்துவிட்டது. திரையைப் பார்த்தாள், தன் கைடான பேராசிரியரைப் பார்த்தாள்.

“தெரியாது சார். என் டேட்டாவ வச்சு அதப் பிரிச்சுச் சொல்ல முடியல.”

எல்லோரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். பெண்ணின் ஐந்து வருஷத்தை ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டேனே! மேரி நேராக என்னிடம் வந்தார்.

“சாரே, ஒங்களுக்கு வேற கேள்வியே கெடைக்கலியா? பிள்ளைக்க மொகத்தப் பாத்தியளா?”

கால் மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். பட்டம் உறுதி! மற்ற பதில்களெல்லாம் நல்ல தயாரிப்பு, அந்த ஒரு பதிலில்தான் ஆராய்ச்சியாளரைப் பார்த்தேன் என்றார் தேர்வாளர். எனக்கு அதுவும் சரியாகப் புரியவில்லை.

லட்டு வந்தது. மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“தெரியாதுண்ணு சொன்னதுக்கா டாக்டர் பட்டம்? அப்பம் எனக்கு ரெண்டு பட்டம் தரணுமே, சாரே?”

அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு மூன்று!